ஆடியில் மாறிய வீடு

ஜூலை 4, வெள்ளி

விடியலிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. காவிரித் தண்ணீர் வந்தது, டிரம் இரண்டும் நிரம்பின. இன்றைக்கு நல்ல செய்தி அது ஒன்றுதான்.

வாங்க வேண்டியவை: துவரம் பருப்பு, பாத்ரூம் பல்பு, இவருக்குப் பிரஷர் மாத்திரை.

போன மார்கழியில் என் வேலை போனது. என் சம்பளத்தை நம்பித்தான் தொம்மலூரில் இந்த மாடி வீட்டை வாங்கினோம். இவர் பள்ளிக்கூட லேபில் உதவியாளர். அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரி. தவணை நின்றது, பேங்க் நோட்டீஸ் வந்தது. கெடு முடிவதற்குள் வழி பண்ணாவிட்டால் வீடு ஏலம்.

புரோக்கர் நாகராஜ் சொல்லும் வழி, லீஸ். ஒரு குடும்பத்திடம் மொத்தமாகப் பெரிய தொகை வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் வீட்டை விடுவது, முடிவில் தொகையைத் திருப்பித் தருவது. இந்த ஊரில் சகஜம். வரும் பணத்தில் பாக்கியைக் கட்டிவிடலாம். நோட்டீஸ் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாதாம், கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "சும்னே, சும்மா எதுக்கு மேடம் சொல்லணும்? யார் சொல்றாங்க?"

தலையாட்டினேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. எப்போது என்ன சொல்லியிருக்கிறார்? வாயில்லாப் பூச்சி. கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே காது சிவந்துபோகும்.

ஜூலை 6, ஞாயிறு

லீஸுக்கு வந்தவர் பெயர் சாந்தா. நீலசந்திராவில் குடியிருக்கிறார். கார்மெண்ட்ஸ் வேலை, கணவர் இல்லை, காலேஜ் போகும் மகள் ஒருத்தி. சீட்டுப் பணமும் நகை விற்ற பணமும் சேர்த்து வைத்திருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று அவசரம். மகள் ஜன்னலில் நின்று, இங்கே மேஜை போட்டுக்கலாம்மா என்றாள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

சாந்தா வெற்றிலை பாக்கோடு டோக்கன் பணத்தைத் தட்டில் வைத்து நீட்டினார். நான் கையை நீட்டிவிட்டேன். அப்போது இவர் எழுந்தார். இரண்டு காதும் சிவப்பு.

"குடுக்காதீங்கக்கா. வீட்டு மேல பேங்க் நோட்டீஸ் இருக்கு. ஏலம் வந்தா எங்களோட நீங்களும் தெருவுல நிக்கணும். உங்க காசு திரும்பாது."

நாகராஜ் தலையில் அடித்துக்கொண்டார். சாந்தா தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு இவரையே பார்த்தார். பிறகு காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவர் வைகுண்டம் காட்டப் போகிறாராம்.

ஜூலை 7, திங்கள்

கோபம் தணியவில்லை. ரசம் மட்டும் வைத்தேன். அதையும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் குடித்தார். நாகராஜ் போனில், உங்க வீட்டுக்காரர் என்ன அரிச்சந்திரனா என்றார். நான் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அவர் கேட்டபோது பிடிக்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

படுக்கும்போது இவர்: "நாளைக்கு லீவு போட்டிருக்கேன். பேங்குக்குப் போலாம், வர்றியா?"

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தது.

இத்தனை நாள் பேங்க் நம்பர் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தவள் நான். கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண் அதிகாரிக்கு. இவர் கன்னடத்தில் பேசினார், தொம்மலூரில் பிறந்த ஆள் அல்லவா. திக்கித் திக்கித்தான். ஆனால் எதையும் மறைக்கவில்லை. வேலை போனது, லீஸ் யோசித்தது, ஏன் விட்டது, எல்லாம்.

அந்த அம்மா விளக்கியதில் எனக்குப் புரிந்தது: வருஷத்தைக் கூட்டித் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். முடியாதென்றால் பேங்க் சம்மதத்தோடு நாமே விற்றுக் கடனை அடைத்து மீதியை எடுத்துக்கொள்ளலாம். ஏலத்தில் அந்த விலை வராது. எதுவானாலும் கெடுவுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும்.

இவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். "வீட்டை வாடகைக்கு விட்டுட்டு நாங்க சின்ன எடத்துக்குப் போறோம். வாடகை நேரா லோன் அக்கவுண்டுக்கே வரட்டும்." இதை எப்போது யோசித்தார்? என் ரசத்தைக் குடித்துக்கொண்டா?

பாக்கியில் ஒரு பங்கை உடனே கட்டினால் மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார் அதிகாரி. திரும்பும்போது என் வளையல்களைப் பற்றி நானே பேச்செடுத்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி

பேங்க் ஒப்புக்கொண்டது. தவணை குறைந்தது, வருஷம் கூடியது. வாடகைக்கு விடவும் எழுத்தில் அனுமதி. வளையல் போன கை வெறுமையாக இருக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது.

இப்போது புதுத் தலைவலி. ஆடி பிறந்துவிட்டது, வீடு பார்க்க ஒருவரும் வருவதில்லை. பேங்குக்கு ஆடி தெரியுமா? நாங்கள் போக ஒற்றை அறை வீடு பார்த்தால் எல்லா ஓனரும் பெரிய அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். சாந்தா. லீஸ் என்னாச்சு என்று விசாரிக்க வந்தாராம். நிலைமையைச் சொன்னேன். அன்றைக்கு விட்ட காப்பியை இன்று குடித்தார். பிறகு தங்கள் காம்பவுண்டில் ஒரு ரூம் காலியாக இருப்பதாகச் சொல்லி, எங்கள் எதிரிலேயே ஓனருக்குப் போன் போட்டார்.

"அட்வான்ஸ் மெதுவா தருவாங்கண்ணா. நான் ஜாமீன். என் காசு முழுகாம காப்பாத்துன மனுசன்."

இவர் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இந்த மனிதனைப் போய் வாயில்லாப் பூச்சி என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கப் போவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். நல்லவேளை. நாளைக்கு நீலசந்திராவுக்கு டெம்போ. கட்ட வேண்டியது: மிக்ஸி, சாமி படம், இவர் நேற்று வாங்கிய இரண்டு குடம். ஆடியில் குடி போகிறாயா என்று ஆம்பூரிலிருந்து அம்மா போனில் ஒப்பாரி.

மதியம் கோயம்புத்தூர்ப் பையன்கள் இருவர் வீடு பார்க்க வந்தார்கள். ஐடி வேலை, ஆடியெல்லாம் கிடையாது. பிடித்துவிட்டது. இறங்கும்போது ஒருவன், "வீட்டுல வேற எதாச்சும் பிரச்சனை இருக்குங்களா?" என்று கேட்டான். குழாய் ஒழுகலைத்தான் கேட்டிருப்பான்.

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "லோன் இருக்கு தம்பி. ஒரு தடவ நோட்டீஸ் வரைக்கும் போச்சு. இப்ப பேங்க் பர்மிஷனோடதான் விடறோம், லெட்டரைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

லெட்டரை எடுக்கத் திரும்பினேன். இவர் ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு காதும் சிவப்பு.