குடை இறங்கிய தரை

ராயபுரம்
நவம்பர் 14

அன்பு மகன் டென்னிஸுக்கு,

கர்த்தர் உன்னை மஸ்கட்டில் சுகமாய் வைத்திருப்பாராக. நான் சுகம்.

கட்டட வேலைக்கு நீ அமர்த்திய உன் பள்ளித் தோழன் ரவிக்குமாரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டேன். இதற்குள் உனக்குப் போன் செய்து அழுதிருப்பான். என் தரப்பையும் படி. போனில் என்றால் பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்பாய்.

நான் மாடி ஏறாமலிருக்கக் கீழே பின்பக்கம் நீ கட்டச் சொன்ன அறைக்கு இன்று கான்கிரீட் தரை போடுவதாக இருந்தது. பத்தரைக்குள் நல்ல நேரம் என்று எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவினான். அது அவன் நம்பிக்கை, குறை சொல்லவில்லை. அந்த அக்கறையில் கால்வாசியை மண்ணிடம் காட்டியிருக்கலாம். முறைப்படி அரையடி மண் நிரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, பிறகுதான் அடுத்த அரையடி. இந்த மேதாவி அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவிலிருந்த மூன்றடிப் பள்ளத்தை ஒரே மூச்சில் மூடி, மேலே ஜல்லி தூவி, படம் பிடித்து உனக்கு அனுப்பினான். நீயும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். மண்ணைப் படத்தில் பார்த்தே பாஸ் போடும் மகனைப் பெற்றிருக்கிறேன்.

சித்தாள் கெங்கம்மாதான் என் காதருகே வந்து, "யம்மா, அடியில இன்னா கீதுன்னு பாத்தியா? மீன் வைக்கிற தெர்மாகோல் பொட்டி, கிழிஞ்ச வலை, அல்லாத்தையும் போட்டு மூடிக்கீறான்" என்றாள். ஜல்லியை விலக்கிக் குடையை ஊன்றினேன். கைப்பிடிவரை இறங்கியது.

ரவிக்குமார் சிரித்தான். "ஆயா, நீ இன்னா இன்ஜினீரா? கான்கிரீட் வுட்டா அல்லாம் கல்லு மாரி ஆயிடும்" என்றான். மீன்பெட்டியின் மேலா என் கட்டில் என்று கேட்டேன். நேரம் போகிறது என்று கத்தினான். "அவ்ளோ அவசரம்னா நீயே அதுல பட்த்துக்கோ நைனா" என்றாள் கெங்கம்மா. கலவை லாரியைத் திருப்பி அனுப்பினேன்.

அவளும் அவள் புருஷன் லட்சுமணனும் குப்பை முழுவதையும் அள்ளிவிட்டார்கள். வேலை தெரிந்தவர்கள். நாலு நாளில் நிரப்பி இடித்துத் தருகிறோம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன்.

மாடிப்படியில் நான் விழுந்ததாக உன் தங்கை ஜெனி சொன்னது மிகை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன்.

கிறிஸ்துமஸ்வரை பள்ளம் திறந்தே இருக்கும். வந்து, செருப்பைக் கழற்றி, அவர்கள் நிரப்பி இடிக்கும் ஒவ்வோர் அடுக்கையும் நீயே மிதித்துப் பார், அதன்பின் கான்கிரீட் ஊற்றட்டும். இந்த முறையும் லீவு கிடைக்கவில்லை என்று எழுதாதே. அதுவரை படியேற எனக்குப் பெலன் வேண்டுமென்று ஜெபித்துக்கொள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
தேவகிருபை