அன்று பிள்ளைகள் வைத்த விருந்து

அக்கா,

இன்று காலை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். நாம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. பச்சைக் கிழங்கின் வாடை மூக்கில் ஏறியது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் சேந்தமங்கலத்திலிருந்து மலைமேல் எடப்புளி நாட்டுப் பால்வாடிக்கு டீச்சராக வந்தவள் நான். அங்கே சமைத்துப்போடும் ஆயா நீங்கள். பிள்ளைகள் வாயில் விரல் வைத்து வரிசையாக உட்கார வேண்டும் எனக்கு. உங்களுக்கோ அவர்கள் எறும்புப் புற்றைச் சுற்றிக் குந்தியிருந்தால் போதும். எறும்பு எந்தத் தானியத்தை முதலில் தூக்கும் என்று சாமையும் கேழ்வரகும் போட்டுப் பார்ப்பார்கள். நான் முகத்தைச் சுளித்தால், "அவங்களே கண்டுபிடிக்கட்டும் டீச்சர்" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு கீழே ஒரு பயிற்சிக்குப் போய் வந்தேன். விளையாட்டுப் பொருள் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரோட்டில் லாரியிலிருந்து சிதறிக் கிடந்த கிழங்குகளைப் பொறுக்கி வந்து, சிறிது பெரிது பிரிக்கச் சொல்லிக் கொடுத்தேன். வேகவைத்த கிழங்கை மட்டுமே பார்த்து வளர்ந்தவள், எனக்கு எல்லாக் கிழங்கும் ஒன்றுதான். நீங்கள் தண்ணீருக்குப் போயிருந்தீர்கள். நான் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்திருந்தேன்.

வள்ளி வாந்தி எடுத்த பிறகுதான் நிமிர்ந்தேன். பிள்ளைகள் கிழங்கைக் கல்லால் நசுக்கிச் சோறாக்கி விளையாடியிருக்கிறார்கள். குச்சியைத் தட்டி, யார் யார் தின்றீர்கள் என்று கத்தினேன். அத்தனை தலையும் இல்லை என்று ஆடின.

நீங்கள் குடத்தோடு உள்ளே வந்து கிழங்கைப் பார்த்தீர்கள். எங்கே எடுத்தேன் என்று கேட்டீர்கள், சொன்னேன்.

"லாரியில போறது ஜவ்வரிசி மில்லுக் கிழங்குங்க டீச்சர். கசப்பு. பச்சையாத் தின்னா விஷம். ஆட்டுக்குக்கூட நாங்க போடமாட்டோம்."

ஜீப் பிடிக்க ஓடச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். வள்ளி என் மடியில் துவண்டு கிடக்கிறாள், இந்த நேரத்தில் விளையாட்டா என்று உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

"எனக்கும் பசிக்குது சாமி. விருந்து வைங்க பாக்கலாம்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கொட்டாங்குச்சிகளைப் பழையபடி அடுக்கினார்கள். இது வள்ளிக்கு, ஒரு வாய்தான் தின்றாள் என்றது ஒரு பிள்ளை. இது எனக்கு, துப்பிவிட்டேன் என்றது இன்னொன்று. கடைசிக் கொட்டாங்குச்சி காலியாக இருந்தது.

"இது யாருக்குக் கண்ணு?"

"செல்விக்கு. எல்லாத்தையும் தின்னுட்டா."

செல்வி அரிசி மூட்டைக்குப் பின்னால் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நான் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். தூக்கியபோது தலை நிற்கவில்லை.

மிளகு ஏற்ற வந்த ஜீப்பில் இரண்டு பேரையும் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் செல்வியின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தீர்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவள் இல்லை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் இருவரும் வீடு திரும்பினார்கள். செல்வி ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உங்களிடம் கேட்டேன்.

"சொன்னா அடிப்பீங்கன்னு போய்ப் படுத்துக்கிச்சுங்க டீச்சர்."

நீங்கள் குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னீர்கள். நான் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, செல்வியிடமும் கேட்கவில்லை. டீச்சர் என்கிற வீம்பு. கேட்டிருக்க வேண்டும் அக்கா.

இப்போதும் பிள்ளை ஒன்று மூலையில் சும்மா படுத்திருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வேன். என்ன விளையாட்டு, என்னையும் சேர்த்துக்கொள் என்பேன். அது என்னிடம் வாயைத் திறக்கிற வரைக்கும் எனக்குப் பயம்தான்.