நான்காவது கேள்வி

ஜீவிதா அப்பாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை; அதனால் எழுதுகிறேன். எனக்கு மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. மில்லில் லீவு சொல்லிவிட்டு, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எந்த வரிசையில் நிற்பதென்று தெரியாமல் திரும்பிவிடப் பார்த்தேன். உதவி மையத்தில் இருந்த சகாயசெல்வி என்ற பெண்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உள்ள போனா எல்லாம் மறந்துரும்க்கா. டாக்டர்ட்ட கேக்க வேண்டியத எழுதிக்கிட்டுப் போங்க” என்று தாளும் பேனாவும் கொடுத்தாள்.

நான்கு கேள்விகள் எழுதினேன். மூன்றைக் கேட்டுவிட்டேன். நான்காவதை மட்டும் வாயால் கேட்கவில்லை. தாளை டாக்டரிடமே நீட்டினேன். படித்துப் பார்த்தார்.

“புத்துநோயா, பரவியிருக்கான்னு அடுத்த வெள்ளிக்கிழமை டெஸ்ட் ரிசல்ட் வந்தாத்தாம்மா தெரியும். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க.”

பிள்ளைக்கு இன்னும் தெரியாது. அவள் முன்னால் சிரித்துக்கொண்டிருக்கிறேன். திருப்பூரிலிருந்து வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். அந்தப் பதிலைத் தனியாக உட்கார்ந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் மனைவி