ஆயுசு நூறு

ராஜபாளையம்,
புதன்கிழமை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

நலம். நான் நலமாக இருப்பதுதான் இங்கே பிரச்சினை.

நேற்று நம் மகன் செல்போனைப் பார்த்து, "இனிமே மனுசன் சாவவே வேண்டாமாம்ல, மருந்து கண்டுபிடிக்காங்களாம்" என்று வாசித்தான். "அய்யய்யோ, அப்ப மாமாவ எம்புட்டு வருசம் வச்சுப் பாக்க?" என்றாள் மருமகள். அந்த நேரம் பார்த்து நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அவள் கொஞ்சமும் தடுமாறவில்லை. "வாங்க மாமா, இப்பத்தான் உங்களப் பேசிக்கிட்டிருந்தோம். உங்களுக்கு ஆயுசு நூறு!"

சாகாமலே இருந்தால் என்ன செய்வது என்று அப்போதிருந்து யோசிக்கிறேன். இருவரும் வேலைக்குப் போகும்போது திருட்டுப் பயத்தில் கேட்டை வெளியே பூட்டிவிடுகிறார்கள். கூரியர் வந்தால் கம்பி வழியே கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பதுதான் என் பிறவிப் பயன். அதுவும் தினமும் வருவதில்லை. இந்தக் கடிதமும் அந்தக் கம்பி வழியேதான் வெளியே வருகிறது.

மகளுக்குப் பையன் பிறந்தபோது மூன்று மாதம் என்று சொல்லிப் போனாய். அவன் இப்போது ஸ்கூல் வேனில் போகிறான். கேட்டின் இன்னொரு சாவி உன் பர்சில் இருக்கிறது. திரும்பி வருகிறவர்கள்தான் சாவியை எடுத்துப் போவார்கள் என்று நினைத்து, அன்றைக்கு நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அரை மணி நேர பஸ்தான். நீ வந்து பூட்டைத் திறந்து, எனக்கு ஆயுசு நூறு என்று சொல். நூறு போதுமா என்று கேட்பேன்.

இப்படிக்கு,
கேட்டுக்கு உள்ளே இருப்பவன்