மூலை இல்லாத எழுத்து

மதினி,

மாதா கோயில் திருவிழாவுக்கு யாரோ கொடுத்த மக்ரூன் டப்பாவை இன்று எடுத்தேன். மூடியில் உங்கள் எழுத்து. பயந்துபோய்க் கவிழ்த்து வைத்துவிட்டேன். இனிப்பு டப்பாவுக்குப் பயப்படுகிறவள் தூத்துக்குடியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நம் ஃப்ளெக்ஸ் கடை கம்ப்யூட்டரில் எத்தனையோ மாதிரி எழுத்துகள் கிடந்தாலும் உங்கள் கை அந்த ஒன்றுக்குத்தான் போகும். தடித்து, உருண்டு, எண்ணெயில் உப்பிய பணியாரம் மாதிரி இருக்கும். ட-வுக்குக்கூட மூலை கிடையாது. ஐஸ்கிரீம் கடை, புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் பேனர், பால்வாடிச் சுவர் எல்லாம் அதில்தான். எட்ட நின்றும் படிக்கலாம், வெயிலில் வெளுத்தாலும் எழுத்து நிற்கும். "இதப் பாத்தா அழுத பிள்ளையும் சிரிக்கும் ஏளா" என்பீர்கள். துட்டி வீட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் அதைத் தொடமாட்டீர்கள். உங்கள் போஸ்டருக்கு நானும் தொடவில்லை.

உங்கள் மகளின் பை, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் அவள் பெயரை அந்த எழுத்தில் அடித்து ஒட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அண்ணன் கப்பலில் இருப்பதால் அவள் என்னோடு இருக்கிறாள். இன்னும் வாசிக்கத் தெரியாது. ஆனால் 'அம்மா எழுத்து' என்று தடவித் தடவிப் பார்ப்பாள்.

போன மாதம், கடல் அரித்துப் பள்ளம் விழுந்த இடத்தில் வைக்க ஊர்க் கமிட்டியில் ஒரு போர்டு கேட்டார்கள். 'ஆபத்து. கடலில் இறங்காதீர்கள்.' தூரத்திலிருந்து தெரியட்டும் என்று, பழக்கதோஷத்தில் உங்கள் எழுத்திலேயே போட்டேன். சாயங்காலம் அவளையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். போர்டின் காலடியில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

"அத்தே, அம்மா எழுத்து!"

கையை உதறிக்கொண்டு ஓடினாள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் பாய்ந்துபோய் அவள் கவுனைப் பிடித்து இழுத்தபோது தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்திருந்தது. "பிள்ளைய விட்டுட்டு எங்கன பாத்துட்டு நிக்க?" என்று ஏசினார். எனக்குக் கால் நகரவில்லை மதினி. இப்போது கண்ணை மூடினாலும் அந்த ஈரக் கவுன்தான் தெரிகிறது.

மறுநாளே அதைக் கழற்றிவிட்டு, கூர்கூராக நீட்டிய வேறு எழுத்தில் சிவப்பாக ஒரு போர்டு வைத்தேன். அவளைத் தூக்கிக் காட்டினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இது யாரு எழுத்து அத்தே?"

"என் எழுத்து."

"பயமா இருக்கு."

இருக்கட்டும் மதினி. பையில் இருக்கும் உங்கள் எழுத்தை உரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஊரெல்லாம் அதே எழுத்து இருக்கிறதே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் கடையில் இருக்கிறது. லாரிகள் பறக்கிற துறைமுகச் சாலையில் பேக்கரி போர்டிலும் இருக்கிறது. எதைக் கண்டு எப்போது ஓடுவாளோ. வெளியே இறங்கினால் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

நேற்று, "வலிக்கு அத்தே" என்றாள். நான் விடவில்லை.