கினிக்கோழிக்காக நாம் போட்ட சண்டைகள்

அக்கா,

போன வாரம் திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூர் திரும்பும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்கு அடியில் ஒரு மூங்கில் கூடை இருந்தது. வாயில் சாக்கு போட்டுக் கட்டியிருந்தார்கள். மன்னார்குடி தாண்டும்வரை சத்தமே இல்லை. அப்புறம் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கூடைக்குள்ளிருந்து "எட்டிப்பாரு, எட்டிப்பாரு" என்று கிளம்பியது பார், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அலறிப்புடைத்து எழுந்தார்கள். கண்டக்டர் பின்னாலிருந்து, "யாரும்மா அது? அதுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வருகிறது. பக்கத்தில் இருந்த பெண் பதறிப்போய், "என்னம்மா ஆச்சு, நெஞ்சு வலிக்குதா?" என்றாள். கினிக்கோழி கத்தியதற்கு ஒருத்தி அழுகிறாள் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நான் நம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது உன் கொல்லையில் அவை ஏற்கெனவே ஆட்சி நடத்திக்கொண்டிருந்தன. கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த உன் தம்பி குஞ்சாகக் கொண்டுவந்து விட்டவை. சாம்பல் நிற உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி, மொட்டைத் தலை, அதன்மேல் கொம்பு மாதிரி ஒரு எலும்பு. பார்க்கத்தான் அழகு. வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். பாம்பு வந்தாலும் கத்தும், பால்காரர் வந்தாலும் கத்தும், ஒன்றுமே வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கத்தும். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த என் மாமனார், "அந்தச் சனியனை யாராவது பிடிச்சுக் குழம்பு வைங்களேன்" என்று புரண்டு படுப்பார்.

எனக்கும் கோபம்தான். ஆசையாக நான் போட்டிருந்த கீரைப் பாத்தியை ஒரு காலையில் உன் கோழிகள் கிளறி நாசம் பண்ணியிருந்தன. கிளுவை வேலியோரம் போய் நின்று, "என்னங்க, உங்க கோழியக் கட்டிப்போட மாட்டீங்களா?" என்றேன். புதுப்பெண் குரல், பாதி வெளியே வரவில்லை. நீ அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாய். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "உள்ள வந்து திட்டுங்க. அடுப்புல குழம்பு கெடக்கு, நின்னு கேட்க முடியல" என்றாய். நான் உள்ளே வந்தேன். திட்டவில்லை. அன்றைக்கு மறுபடியும் என் பாத்தியைக் கொத்தி, கீரை விதை தெளித்து, மேலே முள் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் நீ உன் வீட்டுக்குப் போனாய்.

அப்போதெல்லாம் நாம் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொண்டோம். என் மாமனாரின் நிலத்தை உன் வீட்டுக்காரர் குத்தகைக்கு உழுதுவந்தார். அவரும் என் வீட்டுக்காரரும் சின்ன வயதில் ஒரே மடையில் மீன் பிடித்தவர்கள். நீ எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் எடுப்பாய். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசுவாய். எனக்கு அந்த ஊர் பிடித்ததே அந்த அரைமணி நேரத்தால்தான்.

பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைத் தாலுகா கச்சேரியில் பதிந்துகொள்ளலாம், பதிந்தவரை நினைத்தபோது கிளப்ப முடியாது என்றார்கள். ஊரில் ஒரு பக்கம் புது ஆட்சியின் கொடி, இன்னொரு பக்கம் விவசாயச் சங்கத்தின் சிவப்புக் கொடி. ஓர் ஆடி மாதம் உன் வீட்டுக்காரர் சங்கத்து ஆட்களோடு போய்த் தன் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். என் மாமனார் அன்று சாப்பிடவில்லை. "நான் ஓட்டுப் போட்ட கவர்மெண்டு என் வயலுக்கே வந்துடுச்சே" என்று கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். "கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே, என்னைக் கேட்காம போனானே" என்றும் சொன்னார். கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கப் போயிருந்தால் உன் வீட்டுக்காரர் வயலோடு திரும்பியிருப்பாரா என்பதும் தெரியாது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இரண்டு பக்கமும் பயமும் இருந்தது.

மறுநாளிலிருந்து உனக்குக் கிணறு இல்லை. அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். உன் வீட்டிலும் அதையேதான் சொன்னார்களாம். நீ குளத்துக்குக் குடத்தோடு போவதை வேலி இடுக்கில் பார்ப்பேன். தலையைத் திருப்ப மாட்டாய். எனக்கு அப்போது மசக்கை. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. மாமியார் இல்லாத வீடு. யாரிடமும் எதுவும் கேட்கத் தெரியவில்லை.

ஆவணி மாதத்து வெயிலில் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் உன் குரல் தெருவைத் தூக்கியது. "ஏண்டி! என் கோழி உன் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்னுகிட்ட முட்டையிட்டா எடுத்துத் தின்னுடுவியா? மசக்கைக்காரி வாய்க்கு என் கோழி முட்டைதான் கேட்குதா? வெந்நீர்ல போட்டு, மிளகு தூவித் தின்னாத்தான் உனக்கு உள்ள நிக்குமோ?"

உன் முட்டையை நான் தொட்டதே இல்லையே! 'ஏண்டி' என்றது வேறு நெஞ்சில் குத்தியது. அழுதுகொண்டே கறிவேப்பிலைக் கன்றடிக்குப் போய்ப் பார்த்தேன். வைக்கோல் பரப்பி, அதன்மேல் வரிசையாக முட்டைகள். பக்கத்தில் வாழையிலை மடிப்பு ஒன்று. பிரித்தால் உப்பு நார்த்தங்காய். எந்தக் கோழி அக்கா நார்த்தங்காய் போடும்?

அப்படியே வேலியோரம் வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தொண்டை கிழியக் கத்தினேன். "ஆமாண்டி, தின்னேன்! நாளைக்கும் தின்னுவேன்! உன்னால ஆனதைப் பாரு!"

நீ முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாய். அழுகிறாய் என்று தெருவில் நினைத்தார்கள். உன் தோள் குலுங்கிய விதம் எனக்கல்லவா தெரியும். கூடத்திலிருந்த மாமனார், "பரவாயில்லையே, நம்ம வீட்டுப் பொண்ணுக்கு வாய் வந்துடுச்சே" என்று சந்தோஷப்பட்டார்.

பேசுவதற்குத்தான் தடை. சண்டைக்கு ஒருவரும் தடை சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்தது நீதான். அதற்கப்புறம் நாம் சண்டை போடாத நாளே இல்லை. கால் வீக்கத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நீ சாபமாகச் சொல்வாய். உன் மகனுக்குக் காய்ச்சல் விட்டதா என்பதை நான் வசவாகக் கேட்பேன். மரியாதையாகச் சண்டை போட்டால் யார் நம்புவார்கள்? அப்படி வந்ததுதான் இந்த 'நீ'. பிறகு எத்தனையோ மாறியும் அது மட்டும் மாறவில்லை.

தை பிறந்தது. சம்பா தலை சாய்ந்து நின்றது. ஒரு சாயங்காலம் கூடத்தில் மாமனாரும் அவருடைய உறவுக்காரர் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபி கொண்டுபோனேன். வெளியூர் ஆட்களை அழைத்துவந்து, விடியும் முன்னால் குத்தகை வயலில் இறக்கி, கதிரை அறுத்து எங்கள் களத்துக்கே கொண்டுவந்துவிடுவது என்று ஏற்பாடு. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் போக வேண்டுமாம். அந்த வருடம் பக்கத்து ஊரில் இப்படி அறுப்பு வயலில் ஆரம்பித்த தகராறில் இரண்டு பக்கமும் ஆள் விழுந்திருந்தது.

சொன்னால் புகுந்த வீட்டுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் விடிந்ததும் என் வீட்டுக்காரரும் உன் வீட்டுக்காரரும் அரிவாளோடு எதிரெதிரே நிற்பார்கள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு எழுந்து வேலிக்குப் போனேன்.

"ஏண்டி! இனிமே உன் கோழி என் பக்கம் வந்துச்சு, வெளியூர் ஆளக் கூட்டியாந்து அறுத்துப்புடுவேன்! விடியறதுக்குள்ள அறுத்துப்புடுவேன்! நீ வந்து பார்க்கிறப்ப ஒண்ணும் மிச்சமிருக்காது!"

நீ கோழிகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாய். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நம் சண்டைகளில் நீ பதில் சொல்லத் தாமதித்தது அந்த ஒருமுறைதான்.

"வாடி," என்றாய் கடைசியில். "நீயே வா. ஆம்பளைங்கள எதுக்கு இதுல இழுக்கணும்? வயலுக்கு வா, நீயும் நானும் பார்த்துக்குவோம்."

உன் வீட்டுக்காரரிடம் நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சங்கத்து ஆட்கள் தடியோடு வந்திருப்பார்கள் என்று பின்னால் சொன்னாய்.

கிழக்கு வெளுக்கும்போது ஆட்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். வயலுக்கு நடுவே நீ நின்றாய். நான் என் ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாமனார் கூப்பிடக் கூப்பிட, வரப்பிலிருந்து உள்ளே இறங்கினேன். ஆரம்பித்தோம். என்னென்னவோ திட்டிக்கொண்டோம். கீரைப் பாத்தி, முட்டை, தவிடு, உன் தம்பி, என் பிறந்த வீடு, ஒன்று பாக்கியில்லை. ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி வாயைப் பிளந்தபடி, "கோழிக்கா இங்க வந்து நிக்கிறாங்க?" என்று கேட்டார். பிறகு மாமனாரைப் பார்த்து, "புள்ளைத்தாச்சி நிக்கிற வயல்ல நாங்க அரிவாள வைக்க மாட்டோங்க" என்று சொல்லிவிட்டார்.

சத்தம் கேட்டு ஊர் கூடியது. உன் வீட்டுக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். என் வீட்டுக்காரரும் வரப்பில் நின்றார். எதைப் பார்த்து நான் பயந்தேனோ அது அப்படியே என் கண்முன்னால். அவர்கள் பக்கம் திரும்பும்போது சேற்றில் என் கால் வழுக்கியது.

"ஐயோ, பார்த்துடி! மெல்ல, மெல்ல! என் தோளப் பிடிச்சுக்க தாயி!"

சண்டையை மறந்துவிட்டாய் நீ. இரண்டு கையாலும் என்னைத் தாங்கிக்கொண்டு, வயிற்றைத் தடவி, "வலிக்குதா? சொல்லு, எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். ஊரே கேட்டது. அத்தனை நாள் நாம் கட்டியது அத்தனையும் அந்த ஒரு நொடியில் உடைந்துபோனது. உன் வீட்டுக்காரர் அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கினார். என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கமிருந்து இறங்கினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னைக் கரையேற்றினார்கள்.

மாமனார் வெகுநேரம் கதிரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "ரெண்டு வீட்டாளும் சேர்ந்தே அறுங்க. களத்துல வச்சுப் பிரிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பதிவு பதிவாகவே இருந்தது. அவருடைய மனத்தாங்கலும் உடனே போய்விடவில்லை. ஆனால் அந்த வாரமே கிணற்றடியில் உன் குடம் இருந்தது. என்னிடம் அவர் ஒரே ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "சண்டை நல்லாத்தான் போடுறீங்க ரெண்டு பேரும். மத்தியானத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா போடுங்க, தூங்க முடியல."

என் மகள் பிறந்தபோது முதலில் குளிப்பாட்டியது உன் கைதான். பின்னால் ஒரு புயல் மழையில் உன் கோழிகள் கூண்டோடு போயின. நீ மறுபடி வாங்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் மாமனார் கட்டிலில் எழுந்து எழுந்து உட்கார்ந்து, "என்ன, ஒரு சத்தத்தையும் காணோம்?" என்பார். தூக்கம் வரவில்லை அவருக்கு. அவர் காலமானபோது பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் உன் வீட்டுக்காரர்.

நாங்கள் தஞ்சாவூருக்கு வந்தபிறகு பொங்கலுக்குப் பொங்கல் பார்த்துக்கொண்டோம். போன மாசியில் உன் மகன் போன் செய்தான். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க. கடைசி ரெண்டு நாளும் நினைவில்லாம உங்களைத்தான் திட்டிக்கிட்டே இருந்தாங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? அங்கே நெஞ்சு நிறைந்து நின்றவள் நான் ஒருத்திதான்.

இங்கே எங்கள் பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. மாடித் தண்ணீர் எங்கள் பக்கம் விழுகிற மாதிரி குழாய் வைத்துவிட்டார்கள். "அவங்களோட பேச்சு வார்த்தையே வேணாம், வக்கீல் நோட்டீஸ் அனுப்பிடலாம்" என்கிறான் என் மகன். தண்ணீர் சுவரோடு போகும். பேச்சு வார்த்தை வேண்டாம் என்கிற அந்தச் சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்று அவன் ஆபீஸ் போனதும் மதிலோரம் போய் நின்று, "ஏம்மா, யாரது, கொஞ்சம் வெளிய வாங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன். ஒரு சின்னப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். நான் ஒன்று சொன்னேன், அவள் இரண்டு சொன்னாள். விட்டுக்கொடுக்கவே இல்லை. நல்ல கணீரென்ற குரல். நடுவில் குழந்தை இருமியது. சளியா என்று கேட்டேன். ஆமாம் என்றாள், அதே கோபத்தோடு.

கற்பூரவல்லி பறித்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் மறுபடி போக வேண்டும்.