நோயில்லாதவர் பெட்டியில் ஒரு வாத்து

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். அங்கே நீயும் உன் தையல் மிஷினும் சுகமா? பள்ளி திறக்கும் சமயம், சீருடைத் துணி உன்னைக் கழுத்துவரை மூடியிருக்கும். போனில் கூப்பிட்டால் மிஷின் சத்தத்துக்கு நடுவே "உம், உம்" என்பாய். அதற்குக் கடிதமே தேவலை, பதிலாவது நீளமாக வருகிறது.

உன் மகள் குட்டி இங்கே நன்றாக இருக்கிறாள். கல்லூரியிலிருந்து வந்ததும் உன் அத்தானோடு செஸ் பலகையை விரித்துவிடுகிறாள். தோற்றவர் இரவுப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று சட்டம். இந்த வாரம் முழுக்க அவர்தான் கழுவினார். "உன் தங்கச்சி மாதிரியே இவளும் அழுகுணி ஆட்டம் ஆடுறா" என்று என்னிடம் புகார் வேறு.

ஒரு சிரிப்பான விஷயம் கேள். அவளை என் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். நான் அங்கே என்னதான் செய்கிறேன் என்று நீயும் இருபது வருஷமாகக் கேட்கிறாய், நானும் சொல்கிறேன், நீயும் மறக்கிறாய். சின்ன வயதிலேயே வரும் ஒருவகைச் சர்க்கரை நோய் உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய ரத்தச் செல்களே புத்தி பிசகி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் இடத்தை அழித்துவிடும். அந்தச் செல்களைப் பின்தொடர்வதுதான் என் பிழைப்பு. அதற்கு நோயாளிகளின் ரத்தம் மட்டும் போதாது. பக்கத்தில் வைத்து ஒப்பிட நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். அப்படித் தர ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. டிரைவர், காவலாளி, என் மாணவர்கள் என்று எல்லோரையும் உறிஞ்சியாகிவிட்டது. குட்டி தானாகவே, "நான் தர்றேன் பெரியம்மா" என்றாள்.

குப்பியில் பெயர் எழுதக் கூடாது. எண் போட்டால் என் பிள்ளைகள் மாற்றி எழுதிவிடுவார்கள். அதனால் ரத்தம் தருபவர் ஒரு பறவைப் படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் அவர் குப்பிக்கு அடையாளம். டிரைவர் கழுகு. உன் மகள் மயிலையும் கிளியையும் தள்ளிவிட்டு வாத்தை எடுத்தாள். ஊசியைக் கண்டதும் வீரமெல்லாம் பறந்துவிட்டது. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்கிறாள். நர்ஸ் அப்போதுதான் பஞ்சையே எடுக்கிறாள்!

உன் வீட்டுக்காரரையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் குட்டிக்கு நீ தைத்து அனுப்பிய சட்டைகளும் வந்தன. அளவு கச்சிதம். போட்டுப் பார்த்து உன் அத்தானிடம் பாராட்டு வாங்கிக்கொண்டாள்.

எனக்கு வேலை தலைக்கு மேல். ஆனால் சந்தோஷமான வேலை. பல வருஷமாகத் தேடிய ஒன்று கைக்கு அகப்பட்டிருக்கிறது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன். பெரிய மாநாடு ஒன்றில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெறுவதற்குள் உருப்படியாக ஒன்று செய்துவிட்டேன் என்று நான்கு பேர் சொல்லக்கூடும். இந்த வயதில் இது ஒரு ஆசை, சிரிக்காதே.

குட்டி இன்னொரு முறை ரத்தம் தந்தாள். முன்பு எடுத்தது உறைந்து வீணாகிவிட்டது. "என் ரத்தம் அவ்ளோ ருசியா பெரியம்மா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வகுப்பைத் தியாகம் செய்து வந்தாள்.

ஒரு கேள்வி, சும்மாதான். உன் வீட்டுக்காரர் பக்கம் யாருக்காவது தைராய்டு உண்டா? சின்ன வயதில் சர்க்கரை வந்தவர்கள்? கல்லூரியில் ஏதோ படிவம் கேட்கிறார்கள்.

இன்னொன்று. இந்த விடுமுறைக்கு அவள் ஊருக்கு வந்துதான் ஆக வேண்டுமா? இங்கே நல்ல கணினி வகுப்பு ஒன்று நடக்கிறது, சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உன் அத்தான், "பெத்தவளைப் பார்க்க விடாம அப்படி என்ன வகுப்பு?" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

அவசரமாக முடிக்கிறேன்.

உன் அக்கா

அன்புத் தங்கைக்கு,

இதை உன் மகளே கொண்டுவந்து தருவாள். உறையை ஒட்டவில்லை. அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இனி ஒரு வரியும் எழுதுவதாக இல்லை. விஷயத்தை அவள் அறிவாள். "அம்மாகிட்ட நீங்களே எழுதிடுங்க, என்னால சொல்ல முடியாது" என்றாள். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் நீ எனக்கே ஆறுதல் சொல்லத் தொடங்குவாய். மிஷினை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து படி.

முதலில் அவள். இன்று அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, சர்க்கரையும் சரியான அளவில் இருக்கிறது. ஆனால் நான் சொல்வேனே, கணையத்தைத் தாக்கும் வியாதி, அது அவள் உடம்பில் ஆரம்பித்துவிட்டது. அதைக் காட்டும் அடையாளங்கள் ரத்தத்தில் மூன்று இருக்கின்றன. ஒன்றே ஒன்று என்றால் பொறுத்துப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால், சில மாதத்திலோ பல வருஷம் கழித்தோ சர்க்கரை வரும் என்றே எங்கள் படிப்பு சொல்கிறது. நீ போட்ட சாப்பாட்டால் வந்ததல்ல. அவள் தின்ற இனிப்பால் வந்ததல்ல. நீ எங்கே தப்பு செய்தாய் என்று யோசித்துக்கொண்டு உட்காராதே. தப்பு செய்தது நான், அது வேறு தப்பு.

அவள் முதலில் தந்த ரத்தத்திலேயே இது தெரிந்துவிட்டது. அது உறையவும் இல்லை, வீணாகவும் இல்லை. நோயில்லாதவர் பெட்டியிலிருந்த குப்பிகளைச் சோதித்த மாணவி ஓடி வந்து, "மேடம், வாத்து கெட்டுப்போச்சு போல, நோயாளி மாதிரி காட்டுது" என்றாள். மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் அதேதான். அந்த வாத்து யாரென்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில், ஐயோ, நம் குழந்தையாயிற்றே என்று எனக்குத் தோன்றவில்லை. கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது. எங்களிடம் வருபவர்கள் எல்லோரும் நோய் முற்றி வருகிறவர்கள், அப்போது பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. தாக்க ஆரம்பிக்கும் செல்களைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று எத்தனை வருஷமாக அலைந்திருக்கிறேன். அது என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்திருந்தது. சந்தோஷப்பட்டேனடி. மாணவியின் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

இப்படி ஒன்று தெரிந்தால் உடனே ரத்தம் தந்தவரிடம் சொல்லி, டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. நான் சொல்லவில்லை. டாக்டர் பார்த்தால் ஏதாவது மருந்து தரக்கூடும், மருந்து போனால் அந்தச் செல்கள் மாறிவிடும், பிறகு என் கணக்குக்கு ஆகாது. மாநாடு முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு விடுமுறையில் இன்னும் இரண்டு தடவை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். கணினி வகுப்பு என்று ஒன்றும் கிடையாது. நீ அதற்கு எழுதிய பதில் நினைவிருக்கிறதா? "அவளை என்னைவிட நீதான் நன்றாகப் பார்த்துக்கொள்வாய், இருக்கட்டும்." அதைப் படித்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

மாநாட்டில் வாத்தைத்தான் காட்டினேன். கைதட்டினார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, ரத்தம் தந்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

வீடு திரும்பிய அன்று மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நீ தைத்த அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். தண்ணீர் ஜாடியை எடுக்க என் முன்னால் கையை நீட்டினாள். நான் பார்த்தது நரம்பை. நல்ல நரம்பு, ஒரே குத்தில் கிடைக்கும் என்று மனது சொன்னது. அடுத்த நொடியே எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பிறந்த அன்று நர்ஸ் என் கையில்தானே முதலில் கொடுத்தாள் அவளை? அங்கேயே, தட்டில் சோறு இருக்கும்போதே, எல்லாவற்றையும் சொன்னேன்.

உடம்பின் காவல்காரர்கள் வீட்டுக்காரரையே அடிக்கும் கதையை மேடை மேடையாகச் சொன்னவள் நான். அவளிடம் அந்தக் கதை வாயில் வரவில்லை. உளறினேன். அவள் என்ன நோய், என்ன ஆகும் என்று எதுவும் கேட்கவில்லை. "உங்களுக்கு எப்பத் தெரியும் பெரியம்மா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "அப்ப ரெண்டாவது தடவை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அறைக்குப் போய் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். உன் அத்தான் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினார். அன்றைக்கு ஆட்டமே நடக்கவில்லை.

மறுநாள் இந்த நோயைப் பார்க்கும் டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். நல்லவர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் எழுதிய குறிப்பு அவள் பையில் இருக்கிறது. குறித்த இடைவெளியில் சர்க்கரை பார்க்க வேண்டும். நோயைச் சில வருஷம் தள்ளிப்போடுகிற மருந்து ஒன்று இருக்கிறது, அது இவளுக்கு எப்போது பொருந்தும் என்பதை அவர் சொல்வார். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் இளைப்பது, வாந்தி, இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ. முன்கூட்டித் தெரிந்ததால் அவளுக்கு நல்லதுதான் என்று டாக்டர் அம்மா சொன்னார். அந்த நல்லதைத்தான் நான் அவளிடமிருந்து ஒளித்து வைத்திருந்தேன்.

இன்னும் ஒன்று எழுதியாக வேண்டும். கூடப் பிறந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். சின்னவனுக்கும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடு. என் கூடத்துக்கு வேண்டாம். உங்கள் ஊரிலேயே பார். முடிவை எனக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை.

அலுவலகத்தில் தலைவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். விசாரணை வைப்பார்கள், வைக்கட்டும். வாத்தை வைத்து எழுதி அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டேன். மிச்சக் குப்பிகளை என்ன செய்ய வேண்டும் என்று குட்டியிடம் கேட்டேன். "ஊருக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்" என்றாள். வருவேன் என்று சொன்னாளே என்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வராவிட்டாலும் அவளைக் கட்டாயப்படுத்தாதே.

என்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிவிடாதே. நீ எழுதக்கூடியவள், அதுதான் பயம். கோபம் வந்தால் கோபப்படு. எனக்காக ஒன்றும் வேண்டாம், அவளுக்காக ஒன்று கேட்கிறேன்.

டாக்டர் அம்மாவின் அறையில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. பழக்கத்தில் நானும் எழுந்தேன். "நீங்க வெளியில இருங்க பெரியம்மா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கதவு முழுதாக மூடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, தனியாக உட்கார்ந்திருந்தாள். முடிந்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இனி அவளுக்கு ஊசி நிறைய இருக்கும். வலது கையில்தான் எடுப்பார்கள். நீ இடது பக்கம் நின்றுகொள் தங்கையே. கொஞ்சம் குனிந்து நில், உன் தோள் அவளுக்கு எட்டட்டும்.

உன் அக்கா